மூன்றாவது கண்ணுக்கு 2,000 ரூபாய்!

சந்தவாசலில் பொழுது விடிகிறது. ஜவ்வாது மலையில் இன்னும் பனி விலகவில்லை. அதற்குள் வீடுகளில் டெலிவிஷன் பேச ஆரம்பித்துவிடுகிறது. முதலில் வருவது ராசி பலன்!

முன்பு இந்த வேலையைக் குடுகுடுப்பைக்காரர் செய்தார். விடியுமுன் வாசலில் வந்து நின்று, "நல்ல காலம் பொறக்குது" என்பார். கொஞ்சம் அரிசி, ஒரு பழைய சட்டை. அதுதான் கூலி. சொன்னது பலிக்காவிட்டால், அடுத்த முறை வரும்போது நிறுத்திக் கேட்கலாம்.

டெலிவிஷனில் வருகிறவரை யார் நிறுத்துவது?

சட்னியில் அருள்!

வடக்கே இப்படிப் பெயர் எடுத்தவர் நிர்மல் பாபா. சொந்தப் பெயர் நிர்மல்ஜித் சிங் நருலா. 2012-ம் ஆண்டில், எந்த இந்திச் சேனலைத் திருப்பினாலும் அவர்தான்.

மேடையில் சிம்மாசனம் போல் ஒரு நாற்காலி. எதிரே மண்டபம் நிறைய ஜனங்கள். தமக்கு மூன்றாவது கண் இருப்பதாகவும், மற்றவர் கஷ்டத்துக்குக் காரணம் அதில் தெரிவதாகவும் அவர் கூறினார்.

ஒருவர் எழுந்து தம் குறையைச் சொல்வார். "சமோசா சாப்பிட்டாயா? என்ன சட்னி தொட்டுக்கொண்டாய்?" என்கிற மாதிரி பாபா கேட்பார். பச்சைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டால் அருள் வந்துவிடுமாம்!

சிரிப்பு வருகிறதா? மண்டபத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. தொழில் நொடித்தவர்கள், பெண்ணுக்கு வரன் கிடைக்காதவர்கள், வியாதிக்காரர்கள். உள்ளே நுழையத் தலைக்கு 2,000 ரூபாய் கட்டியவர்கள். பலன் கிடைத்தால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும் தர வேண்டும்.

ஆண்டுக்கு 200 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னார். வரி கட்டுவதாகவும் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "டெலிவிஷனிலேயே வருகிறாரே, பொய்யாகவா இருக்கும்?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். சேனல்காரர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து அழைத்து வரவில்லை. அந்த அரை மணி நேரத்தை அவர் பணம் கொடுத்து வாங்கினார். சோப்பு விளம்பரம் போலத்தான் அதுவும்! சோப்பு விளம்பரம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதுதான் வித்தியாசம்.

2012 ஏப்ரலில் குட்டு வெளிப்பட்டது. பத்திரிகைகள் பாங்கிக் கணக்கைப் போட்டன. போலீசில் புகார்கள் போயின. அப்போதும் சில சேனல்கள், ஒரு வேளை அவரைத் திட்டின. மறு வேளை அவர் நிகழ்ச்சியைப் போட்டன!

அப்படியானால், பலித்தது என்று அழுதுகொண்டே சொல்கிறார்களே, அவர்கள் பொய்யர்களா? எல்லோரும் அல்ல. ஆயிரம் பேரிடம் "ஒரு மாதத்தில் நல்லது நடக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். பத்துப் பேருக்காவது நடக்கும். ஒருவருக்கு வராக் கடன் வசூலாகும். ஒருவருக்கு வேலை கிடைக்கும். அந்தப் பத்துப் பேர் கையில் மைக் போகும். மற்ற 990 பேர்? அவர்கள் முகம் திரையில் வருவதே இல்லை.

மூட நம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகள் கூடாது என்று 1994-ம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் விதிகள் சொல்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது.

ஜரிகைச் சால்வை ஜோசியர்

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. போர்ட்டோ ரிக்கோ தீவில் வால்ட்டர் மெர்க்காடோ என்று ஒரு ஜோசியர் இருந்தார். கல்லும் ஜரிகையும் மின்னும் நீண்ட சால்வை அணிந்து, பல ஆண்டுகள் டெலிவிஷனில் லட்சக்கணக்கான பேருக்குப் பலன் சொன்னார். 1995-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதனால் தம் சொந்தப் பெயரையே தொழிலில் பயன்படுத்த முடியாமல் கோர்ட் ஏறி அலைந்தார். பாவம், அவர் ராசிக்கு அன்று யாரும் பலன் சொல்லவில்லை! 2019-ல் காலமானார்.

மந்திரத்தால் கொல்கிறேன்!

2008 மார்ச் 3. ஒரு டெலிவிஷன் விவாதம். மந்திரத்தால் மூன்றே நிமிடத்தில் ஆளைக் கொல்ல முடியும் என்றார், சுரீந்தர் சர்மா என்ற மந்திரவாதி. "என்னைக் கொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார், பகுத்தறிவாளர் சனல் இடமருகு.

மந்திரம் ஓதினார். தண்ணீர் தெளித்தார். கத்தியை வீசினார். நாடே பார்த்தது. நேரம் மணிக்கணக்கில் நீண்டது. ராத்திரி வெட்டவெளியில் நெருப்பு மூட்டியும் செய்து பார்த்தார். சனல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவே மந்திரவாதி ஒரு காரணம் கண்டுபிடித்தார். சனல் கும்பிடும் தெய்வம் சக்தி வாய்ந்ததாம், அது காப்பாற்றுகிறதாம்.

"நான் நாத்திகன்" என்றார் சனல்.