அந்தக் கடிதத்தை நான் எழுதமாட்டேன்

கடந்த மாதம் ஓரிரவு சுவிற்சர்லாந்திலிருந்து உறவுக்காரத் தம்பியொருவர் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்து, ஊர் மழையை விசாரித்து, கோயில் திருவிழாவையும் விசாரித்து முடித்த பின்னரே விடயத்துக்கு வந்தார்.

"அண்ணை, உங்களுக்கு எழுத்து வேலை தெரியும். டொச்சும் கொஞ்சம் கைவசம் இருக்கு. மகளுக்குப் பள்ளிக்கூடத்திலை நீச்சல் தொடங்கப்போகுது. அவள் இப்ப பெரிய பிள்ளை. பொடியளோடை ஒண்டா இறக்கேலாது. ஏதாவது வருத்தம் எண்டு போட்டு நல்ல கடிதமா ஒண்டு எழுதித் தாங்கோவன்."

நாற்பது ஆண்டுகள் எழுதிப் பிழைத்தவன் நான். ஆசிரியத் தலையங்கம் முதல் அந்தியேட்டிக் கல்வெட்டு வரை, கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் எழுத மறுத்தேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே சில காலம் இருந்துவிட்டு வந்து நானும் வெள்ளைக்காரனாகிவிட்டேன் என்றார். அவருக்கு அன்று முழுப் பதிலும் சொல்ல முடியவில்லை. காரணம், அதே கடிதத்தை ஒருமுறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

1998 தொடக்கம் 2010 வரை நாங்கள் பேர்ண் நகரில் வாழ்ந்தோம். பழைய நகரை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகின்றது ஆரே ஆறு. பனிமலையிலிருந்து வரும் நீர். கோடையிலும் எலும்பைத் தொடும். வெயில் வந்துவிட்டால் அந்த ஊர் மக்கள் கரையோரமாக மேலே நடந்து சென்று குதித்து, நீரோட்டத்தோடு மிதந்து வந்து, கரையில் நாட்டியிருக்கும் சிவப்புக் கம்பிகளைப் பிடித்து மார்சிலி குளிப்பிடத்தில் ஏறுவார்கள். கம்பியைத் தவறவிட்டால் கீழே அணை. வங்கி முகாமையாளரும் குதிப்பார், பேரப்பிள்ளை கண்ட கிழவியும் குதிப்பார். மார்சிலிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளை, வீதியைக் கடக்கத் தெரியாத பிள்ளைக்குச் சமம்.

குளிர்காலத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளரங்க நீச்சல் தடாகத்தில் கழிந்தன. முதல்நாள் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. உடைமாற்றும் இடத்தில் வயோதிபர் இருவர் பிறந்த மேனியாக நின்று காலநிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். இடுப்புத் துவாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, பனி கூடத்தான் பெய்கிறது என்று ஒப்புக்கொண்டேன். கிணற்றடியில் சாரத்தோடு குளித்து வளர்ந்தவனுக்கு உலகம் அன்று சற்றுப் பெரிதாயிற்று.

தண்ணீருக்குள் இறங்கியபின் எனக்குப் பயமில்லை. தொண்டைமானாற்றில் வாழைக்குற்றியைக் கட்டிப்பிடித்து நீந்தப் பழகியவன். மகளும் மகனும் என் தோளில் தொங்கினார்கள். மனைவியோ கரையிலிருந்த வாங்கில், சுரிதாரோடு, சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு, மடியில் நான்கு துவாய்களை அடுக்கி வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தமிழ்த் தாய்மார், ஒரு துருக்கித் தாய். தண்ணீருக்குள் குடும்பம், கரையில் தாய். பல மாதங்கள் அப்படியே போயின. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. மகனுக்கு ஐந்து வயதானபோது ஒருநாள் கேட்டான்: "அப்பா, அம்மாவுக்கு இங்கையே வேலை?"

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

2004 ஒக்ரோபரில் மகளுக்குப் பதினொரு வயது. வகுப்பு நீச்சல் பாடத்துக்கு ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒன்றாகச் செல்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் விவாதிக்கவில்லை. ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னார். சக தமிழர் ஒருவர் தேநீர் குடிக்க வந்த இடத்தில் இன்னொரு வார்த்தை சொன்னார். அன்றிரவே மகளுக்குக் காதில் நோய் என்று அழகான டொச் மொழியில் எழுதி ஒப்பமிட்டேன். காது நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியை ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை வைத்தியரின் சான்றிதழ் வேண்டும் என்று பதில் அனுப்பினார். அதையும் தரக்கூடிய வைத்தியர் யாரென்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதத்தில், டிசம்பர் 26 இல், ஆழிப்பேரலை வந்தது.

ஜனவரி நடுப்பகுதியில் செய்தி சேகரிக்கச் சென்றேன். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவுக் கரையிலும் பார்த்தவற்றை அப்போதே எழுதிவிட்டேன். மீண்டும் எழுத மனமில்லை. ஒன்றை மட்டும் அப்போது எழுதவில்லை. நான் பேசிய வீடுகளில் தப்பியிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மரத்தைப் பிடித்தோம், நீந்தினோம் என்றார்கள். மனைவி? மகள்? கடலிலிருந்து நூறு யார் தூரத்தில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்களுக்கு நீந்தத் தெரியாது. சேலை வேலிக் கம்பியில் சிக்கியது, தலைமயிர் சிக்கியது என்று சொன்னார்கள். 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூரில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று அதில் இருந்தது. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றன என்பதும் அதில் இருந்தது. வெள்ளைக்காரன் வந்து சொல்லவேண்டிய செய்தியா அது? எங்கள் வீட்டிலேயே இருந்ததல்லவா? என் தமக்கைமார் இருவருக்கும் தண்ணீர் என்பது கிணற்றடியோடு சரி.

பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியைப் பற்றி நாங்கள் பெருமை பேசுவோம். 1971 இல் இந்தியக் கரைக்கு நீந்திச் சென்று மீண்டும் நீந்தியே திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றியும், 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிர் நீத்ததைப் பற்றியும் மேடை தோறும் முழங்குவோம். அந்தக் கடலோடிப் பரம்பரையின் பெண் பிள்ளைகள் மட்டும் கரையில் துவாய் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமாம்.

எங்கள் ஆட்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். வெயிலில் கறுத்துப் போவாள்; உள்ளரங்கத் தடாகத்தில் ஏது வெயில்? சாதகத்தில் நீரில் கண்டம் இருக்கிறது. அப்படியானால் ஊரில் முதலாவதாக நீந்தப் பழகவேண்டியவள் அவளல்லவா? தலை ஈரம், சளி, முட்டு. சுவிஸ் பிள்ளைகளுக்கு மட்டும் தலை இல்லையா? இவையெல்லாம் பூச்சு. உள்ளே இருப்பது ஒன்றுதான். மகளின் உடலை ஊர் பார்த்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. ஆனால் அதை முன்வைப்பவர்களின் நேர்மையைக் கேள்வி கேட்கிறேன். இதே பிள்ளை பெரிய பிள்ளையானதும் நாங்கள் என்ன செய்கிறோம்? அட்டை அடித்து, மண்டபம் எடுத்து, ஐந்நூறு பேரை அழைத்து, பல்லக்கில் ஏற்றி, பிள்ளையின் உடலில் நிகழ்ந்ததை ஊருக்கெல்லாம் அறிவித்துச் சாமத்தியவீடு நடத்துகிறோம். வீடியோக்காரன் முகத்துக்கு முன்னே விளக்கைப் பிடிக்கிறான். அங்கே போகாத மானம், வகுப்புத் தோழர் இருபது பேரோடு தடாகத்தில் இறங்கினால் போய்விடுகிறதா? எங்கள் ஆச்சிமார் குறுக்குக்கட்டோடு வெட்டவெளிக் கிணற்றடியில் முழுகினார்கள். கீரிமலைக் கேணியில் பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி வைத்தவர்கள் எங்கள் முன்னோர். பெண் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றிருந்தால் அந்த இடம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது கசக்கும். பாசலில் வாழ்ந்த துருக்கி வம்சாவளிப் பெற்றோர், தங்கள் இரு பெண் பிள்ளைகளையும் கலப்பு நீச்சல் பாடத்துக்கு அனுப்ப மறுத்தார்கள். தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அவர்கள் வழக்காடினார்கள், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2017 ஜனவரியில் தோற்றார்கள். உடலை மூடும் நீச்சலுடை அணியலாம், தனியாக உடை மாற்றலாம் என்று பாடசாலைத் தரப்பு இறங்கி வந்திருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. தீர்ப்பு வந்தபோது எங்கள் ஆட்கள் பலர் தலையாட்டிக்கொண்டார்கள்: "சோனகர் அப்பிடித்தான், வந்த நாட்டோடை ஒத்துப்போகத் தெரியாது." எனக்கு அந்தத் தீர்ப்போடு பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் அந்தத் தலையாட்டலோடு இல்லை. அந்தப் பெற்றோர் தாம் நம்பியதைத் தம் பெயரிட்டுச் சொல்லி, அபராதம் கட்டி, நீதிமன்றப் படியேறினார்கள். நாங்கள் காது நோய் என்று எழுதி ஒப்பமிட்டோம். இரு தரப்பிலும் பிள்ளை கரையில்தான் நின்றது. ஒரு தரப்பு பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பியருக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. 2005 கோடையில் மகள் மீண்டும் தண்ணீருக்குள் இறங்கிய பின்னர், என் மனைவியும் ஒருநாள் துணிந்து இறங்கினார். நீச்சலுடைக்கு மேல் நீண்ட கை வைத்த சட்டையும் முழங்கால் வரை காற்சட்டையும். இரண்டு நிமிடத்தில் தடாகக் காவலர் விசில் ஊதி, எல்லோரும் பார்க்க வெளியே அழைத்துவிட்டார். பருத்தித் துணி சுகாதாரக் கேடாம். சரி, வேறு துணி வாங்கலாம். வாரத்தில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென ஒதுக்க முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். இது ஆண் பெண் சமத்துவம் உள்ள நாடு என்று பதில் வந்தது. கூட்டாட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1971 வரை காத்திருந்த நாட்டின் பதில் அது. சூரிச்சில் லிம்மாத் ஆற்றின் மீது 1888 இல் கட்டப்பட்ட பெண்கள் குளிப்பிடம் இருக்கிறதே, பகலில் ஆண்கள் நுழைய முடியாதே, எங்கள் பேர்ண் மார்சிலியிலேயே பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டே என்று கேட்டேன். அது பாரம்பரியம் என்றார். அவர்கள் மறைப்பு பாரம்பரியம், எங்கள் மறைப்பு பிற்போக்கு.

வெட்கத்துக்கும் வரலாறு உண்டு. நிர்வாணக் குளியலுக்குப் பெயர்போன ஜேர்மனியில், 1932 இல் பிரசிய அரசு நீச்சலுடையின் வெட்டும் தையலும் எப்படி இருக்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. ஊர் சிரித்தது. 2022 மே மாதம் பிரான்சின் கிரெனோபிள் நகரசபை உடல் மூடிய நீச்சலுடையை அனுமதித்தது. ஜூன் 21 இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அதே பிரான்சின் நகரசபைத் தடாகங்களில் ஆண் தொளதொளத்த காற்சட்டையோடும் இறங்க முடியாது. ஒட்டிய சிறு உடைதான் வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பாரிஸில் இதனாலேயே குளிக்காமல் திரும்பினார். உடையின் நீளத்தைப் பற்றி அரசும் தகப்பனும் மாறி மாறிச் சட்டம் போடுகிறார்கள். இருவருக்கும் நடுவில் நிற்பவளுக்கு நீந்தத் தெரியுமா என்று இருவருமே கேட்பதில்லை. முழங்கால் தெரிந்தால் என்ன, மறைந்தால் என்ன? சுவிற்சர்லாந்தில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். ஆழத்தில் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்கவேண்டும், 50 மீற்றர் நீந்தவேண்டும். உடையின் நீளத்துக்கு அதில் புள்ளி இல்லை.

என் மனைவி பெண்களுக்கான பயிற்சி வகுப்பொன்றைத் தேடிக் கண்டுபிடித்தார்; நான் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். துருக்கித் தாயும் அவரும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். உரிய துணியில், கையும் காலும் மூடிய உடை. நாற்பத்தொரு வயதில், பதினான்கு வாரத்தில், 25 மீற்றர். அன்று கரையில் துவாய்களோடு உட்கார்ந்திருந்தவன் நான். மகன் என்னைப் பார்த்து, "இப்ப உங்களுக்கோ இங்கை வேலை?" என்றான்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கடிதம் எழுதமாட்டேன், வேண்டுமானால் மகளுக்கு மூடிய நீச்சலுடை அணிவிக்கலாமா, தனியாக உடை மாற்ற இடம் தருவார்களா என்று ஆசிரியையிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை ஊர் மழை விசாரணை இல்லை. அந்தக் கடிதத்தையே எழுதி அனுப்பச் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்கும் நீந்தத் தெரியாது. வளந்த ஆம்பிளையளுக்கும் வகுப்பு வைக்கிறவங்களே?"

வைக்கிறார்கள் என்றேன். மகளின் கடிதத்தோடு அந்த விபரத்தையும் தேடி அனுப்பியிருக்கிறேன்.