ஆறு சிலிண்டரோடு சேர்த்துக் கழற்றியது

புனேயில் ரேஞ்ச் ரோவர் கார்கள் கோக்கப்படும் என்று 2024-ல் அறிவித்தபோது, உள்நாட்டுத் தயாரிப்பு என்ற கொண்டாட்டம் பெரிதாக இருந்தது. அந்தக் காரின் 3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுகள் அவற்றின் தலைமேல் சுழல்கின்றன. ஆனால் அந்த எஞ்சின் பிறப்பது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். இதே குலத்து எஞ்சின் ஒன்றை நாம் முன்பே ஒருமுறை தவறவிட்டிருக்கிறோம். 1985-ல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு நிறுவனம் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, உடலளவில் ரோவர் எஸ்டி1 தான். பிரிட்டனில் அந்தக் காருக்கு வி8 எஞ்சினும், 1977 முதல் மேல்நிலை கேம் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களும் இருந்தன. சென்னையில் பொருத்தியதோ 1940-களின் வான்கார்டு காருக்காகப் பிறந்த, ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்த நான்கு சிலிண்டர் குடும்பத்து எஞ்சின்.

ஆறை விட்டது சரிதான். பெட்ரோல் விற்ற விலையில் 2.3 லிட்டர் எஞ்சினை வாங்க இங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? பிழை, கேம் ஷாஃப்டையும் ஆடம்பரக் கணக்கில் எழுதியது. கேம் கீழே இருந்தால் அதன் அசைவு நீண்ட புஷ்ராடுகள் வழியே வால்வை எட்ட வேண்டும். வேகம் கூடக்கூட அந்த எடையே தடை. மேலே வைத்தால் எடை குறையும், காற்று போகும் வழியையும் தாராளமாக வடிக்கலாம். 1948-ல் ஜாகுவார் எக்ஸ்கே120 காரின் 3.4 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்ததற்கும், அந்த வடிவம் 1992 வரை உற்பத்தியில் நின்றதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆறு சிலிண்டர் தருவது அதிர்வில்லாத ஓட்டம். அது தனிச் சங்கதி, அதற்குத் தனி விலை.

மேல்நிலை கேமை நம் ஊர் மெக்கானிக்குகள் சமாளித்திருப்பார்களா என்று கேட்கலாம். ரோவரின் ஆறு சிலிண்டர் எஞ்சினிலேயே கேமுக்கு எண்ணெய் சரியாகப் போகாமல் தொல்லை வந்தது உண்மை. ஆனால் ஸ்டாண்டர்டு 2000-க்கு முன்பே, 1983-ல், மாருதி 800 வந்துவிட்டது. மூன்றே சிலிண்டர், 796 சிசி, கேம் தலைமேல். டைமிங் பெல்ட் மாற்றத் தெருமுனைப் பட்டறைகள் தாமே கற்றுக்கொண்டன. லைசென்ஸ் காலத்தில் புது எஞ்சினுக்கு அந்நியச் செலாவணி கிடைக்காது, கையில் இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதை மறுக்க முடியாது. ஆனால் அது நிறுவனத்தின் நெருக்கடியை விளக்குகிறதே தவிர, எண்பதுகளின் உடலுக்குள் நாற்பதுகளின் எஞ்சினை வைத்து உயர்ரகக் கார் என்று விற்றதை நியாயப்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கார் நின்றுபோனது.

அன்று உடல் வந்தது, எஞ்சின் வரவில்லை. புனேக்கு இன்று எஞ்சினும் வருகிறது, செய்து முடித்த பொருளாக. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில், ரேஞ்ச் ரோவரின் உரிமையாளரான டாடாவின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே எத்தனை கார் வெளிவரும் என்பதோடு, சிலிண்டர் ஹெட்டை எங்கே வார்க்கிறார்கள், கேமை எங்கே கடைகிறார்கள், மின்கார் என்றால் மோட்டாரை எங்கே சுற்றுகிறார்கள் என்பதையும் அரசு கேட்க வேண்டும்.