முப்பதாண்டுக்கும் பதினைந்தே நாளா?

தோழா! கணக்கொன்று போடுவோம், வா.

நேற்று ஆலைக்குள் நுழைந்த காளை ஒருவன். முப்பதாண்டுகளாய் எந்திரத்தோடு மல்லாடித் தலை நரைத்த தொழிலாளி ஒருவர். இருவரும் ஓராண்டில் 300 நாள் உழைக்கின்றனர். ஊதியத்தோடு விடுப்பு யாருக்கு எத்தனை நாள்? இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். காளைக்கு 15 நாள். நரைத்தவருக்கும் அதே 15!

ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கே அவ்விடுப்பு என்றது அச்சட்டம். 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் அந்த 240-ஐ 180 ஆக்கியது. வரவேற்போம்! ஆனால், இருபதுக்கு ஒன்று என்ற அளவுகோல் இம்மியும் அசையவில்லை. பணியாண்டு ஏற ஏற விடுப்பும் ஏறவேண்டும் என்ற நீதிக்கு அங்கே இடமில்லை.

"கட்டுபடியாகாது" என்பார் முதலாளி. ஆகாதா? நம்மவர் பால்மரம் சீவிய மலேசிய மண்ணைப் பார்! அந்நாட்டு வேலைச் சட்டப்படி ஈராண்டு நிறையாதவர்க்கு 8 நாள். ஈராண்டு நிறைந்தால் 12. ஐந்தாண்டு நிறைந்தால் 16. அங்கே ஆலைகள் அழிந்தனவா? வாணிபம் வாடிற்றா?

எந்திரம் பழையதானால் எண்ணெய் கூடுதலாய் இடுகிறார்கள். மனிதன் தேய்ந்தால் மட்டும் மறந்துவிடுவதா?

சட்டம் சொல்வது குறைந்த அளவு. கூடுதலாய்த் தரத் தடையேதுமில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில், ஐந்தாண்டுக்கு ஒரு நாள் கூடுதல் என்று எழுதிக் கேள். முப்பதாண்டு உழைத்தவருக்கு ஆறு நாள்.

அது சலுகையன்று, தோழா, நிலுவை!