கலந்துரையாடல் எத்தனை மணிக்கு?

அச்சகக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்பது நடப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். நிகழ்ச்சி நிரலைக் கம்போஸ் செய்யும்போதே யார் பேசுவார்கள், யார் தூங்குவார்கள், எத்தனை மணிக்கு நாற்காலிகள் காலியாகும் என்று சொல்லிவிடலாம்.

பெங்களூர் அல்சூர் கடைவீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயிலில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். கூட்டத்து அழைப்பிதழ்களும் நிறைய வரும். தமிழர் தலைமுறைகளாக வாழும் பேட்டை இது. 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் அண்ணாசாமி முதலியார் சாலையில்தான் இருக்கிறது. அது போக மன்றம், பேரவை, கழகம், நற்பணி இயக்கம் என்று எதற்கும் பஞ்சமில்லை. நான் சொல்ல வருவது எந்த ஓர் அமைப்பையும் பற்றி அல்ல. எல்லோருக்கும் தொற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தைப் பற்றி.

முன்பெல்லாம் ‘கூட்டம்’ என்று போடுவார்கள். இப்போது அந்தச் சொல் யாருக்கும் பிடிக்கவில்லை. கருத்தரங்கம், ஆய்வரங்கம், பயிலரங்கம், சிந்தனை அரங்கம் என்று மேட்டர் வருகிறது. கூடவே, அநேகமாகத் தவறாமல், ‘மற்றும் கலந்துரையாடல்’.

அப்படி ஒரு மேட்டர் வந்தது. மாலை 5 மணி தொடக்கம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை ஏழு பேர், தொடக்கவுரை, வாழ்த்துரை ஆறு பேர், கருத்துரை நான்கு பேர், சிறப்புரை, நினைவுப் பரிசு வழங்கல், நன்றியுரை. இரவு 8 மணிக்குச் சாப்பாடு. நான் பென்சிலை வைத்துக்கொண்டு மேலும் கீழும் தேடினேன்.

“சார், கலந்துரையாடல் எத்தனை மணிக்கு? நிரல்ல காணோமே?”

“அதுதான் தலைப்புலயே இருக்கே அண்ணா, போதும்.”

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்குக் கவலையெல்லாம் வேறு. முன்னிலை வகிப்பவர்களில் ஒருவர் பெயர் மற்றவர் பெயரைவிட அரைப் பாயிண்ட் சிறியதாகத் தெரிகிறதாம். படங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். புரூஃப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் வாழ்த்துரையில் இன்னும் ஒரு பெயர் ஏறியிருக்கும். ‘முன்னிலை’ என்றால் மேடையில் உட்கார்ந்திருப்பது என்று பொருள். உட்கார்ந்தவரை ஓரிரு வார்த்தை பேசச் சொல்லாமல் அனுப்ப முடியுமா? ஆக ஏழு முன்னிலையும் ஏழு உரைதான்.

மேடைப் பேச்சு மேல் எனக்குப் பகை இல்லை. பொதுக்கூட்டம் என்று போட்டால், மேலே உள்ளவர் பேசுவார், கீழே உள்ளவர் கேட்பார்; போகிறவனுக்கு அது தெரியும். பட்டிமன்றம் அதைவிட நேர்மையானது. மணிமேகலைக் காலத்திலேயே பட்டிமண்டபம் உண்டு. பல சமயத்தார் ஏறி வாதிட்ட இடம். இன்றைய பட்டிமன்றத்தில் இரண்டு அணி, ஒரு நடுவர். நமக்குக் கைதட்டும் வேலை மட்டும். அதற்கு மேல் அது எதையும் வாக்களிக்கவில்லை. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த பெயரையே பாருங்கள்: மாநாடும் கருத்தரங்கும் சேர்ந்தது. அதைக் கூட்டிய தனிநாயகம் அடிகள் போன்றவர்களுக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரிந்திருந்தது. 1968-இல் சென்னையில் கூடியபோது மக்களுக்கு ஊர்வலம், ஆய்வாளருக்குக் கட்டுரை வாசித்து விவாதிக்கத் தனி அமர்வு. கருத்தரங்கு என்றால் வாசித்தவரை மடக்கிக் கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் வெளியே நிறுத்திவிட்டுப் பெயரை மட்டும் உள்ளே கொண்டு வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் என் கண்ணில் படுகிறது. கருத்தரங்க அழைப்பிதழ் 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில், மல்டிகலரில், மடித்து வரும். அதே அமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் என்றால் சாதா மேப்லித்தோ, ஒற்றைக் கறுப்பு, பொடி எழுத்து. “சும்மா சட்டத்துக்காக அண்ணா, சிக்கனமா போடுங்க” என்பார்கள். யோசித்துப் பாருங்கள். நாம் கூடும் கூட்டங்களிலேயே பின்வரிசை உறுப்பினர் எழுந்து நின்று “அந்தச் செலவுக்கு ரசீது எங்கே?” என்று கேட்கச் சட்டம் இடம் கொடுக்கும் கூட்டம் அது ஒன்றுதான். அதற்குக் கோரம் வேண்டும், மினிட்ஸ் எழுத வேண்டும், தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது என்று போடுவதற்கு முன் எதிர்ப்பவர் உண்டா என்று கேட்க வேண்டும். பேச உரிமை உள்ள கூட்டத்துக்கு மெலிந்த தாள். கேட்க மட்டுமே அழைக்கும் கூட்டத்துக்குப் பளபளப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று வெட்டி வைத்தார்கள். அந்தச் சபை அந்தணர் ஊரின் சபை, எல்லோருக்குமானது அல்ல என்பதும் உண்மைதான். ஆனாலும் ‘சபை’ என்ற பெயருக்குக் கணக்குக் கேட்கும் வேலை அன்றே சேர்ந்திருந்தது.

கன்னட அழைப்பிதழ்களும் இங்கே அச்சாகின்றன. விசார சங்கிரண என்றால் கருத்தரங்கம், சம்வாத என்றால் உரையாடல், கவிகோஷ்டி என்றால் கவியரங்கம். (கோஷ்டி என்றதும் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர்கள் நினைவுக்கு வந்தால் நீங்கள் பக்திமான், கட்சிச் சண்டை நினைவுக்கு வந்தால் நீங்கள் செய்தித்தாள் படிப்பவர்.) அங்கேயும் அத்யக்ஷதே, உத்காடனே, வந்தனார்ப்பணே என்று வரிசை நீளம்தான். அங்கேயும் ‘சம்வாத’ என்ற வரிக்கு எதிரே மணி குறித்து வருவது அபூர்வம். ஆக இது தமிழனுக்கு மட்டும் பிடித்த நோய் என்று சொல்லமாட்டேன்.

வேறு விதமாகக் கூடியவர்களும் உண்டு. 1988-இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் தொடங்கியது ‘இலக்கியச் சந்திப்பு’. நாட்டுக்கு நாடு இடம் மாறி நடந்து வந்திருக்கிறது. அதற்கு நிரந்தரத் தலைவர் கிடையாது. சந்திப்பு என்று பெயர் வைத்தார்கள், சந்தித்தார்கள், சண்டையும் போட்டார்கள்.

நமக்கு நெருக்கமானது காவிரி. 1991 டிசம்பர்க் காவிரிக் கலவரத்தைப் பெங்களூர்த் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. எத்தனையோ அனைத்துக் கட்சிக் கூட்டங்கள், இந்தப் பக்கம் சர்வபக்ஷ சபைகள் நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அவரவர் மாநிலத்துக்குள், அவரவர் ஆட்களோடு. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில உழவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் மாநாடும் அல்ல, பேரவையும் அல்ல, ‘காவிரிக் குடும்பம்’. காவிரி வழக்கு அதனால் தீரவில்லை. ஆனால் கலந்துரையாடல் என்ற சொல்லுக்கு என்னிடம் உதாரணம் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டு, 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். இரு தரப்பும் பேசியதால் முடிந்த காரியம் அது. அந்த வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார். அவரிடத்தில் அவை என்பது கேட்க உட்கார்ந்திருப்பவர்கள். நாமோ மேடையில் வீற்றிருப்பவர்களை விளித்து முடிக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறோம்.

‘மக்கள் கேட்கமாட்டார்கள் அண்ணா, மைக்கைக் கொடுத்தால் வம்பு’ என்று அமைப்பாளர்கள் சொல்வதுண்டு. வம்பு வரும்தான்; ஒருவர் கேள்வி கேட்கிறேன் என்று சொற்பொழிவே ஆற்றிவிடுவார். அதற்கு ஒரு நல்ல ஒருங்கிணைப்பாளர் போதும். கேட்க ஆளில்லாத கஷ்டம் நமக்குத் தெரியாததா? இந்த ஊரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தேர்தலே நடக்கவில்லை. வார்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்த மெம்பரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தவர்கள் நாம். சங்கத்துக் கூட்டத்திலாவது ஒருவர் கையைத் தூக்கிக் கேட்க இடம் வேண்டாமா?

அடுத்த முறை மேட்டர் அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: ‘மாலை 6.30 முதல் 7.15 வரை பார்வையாளர் கேள்விகள்’. அதையும் சிறப்புரைக்கு முன்பே போடுங்கள். பின்னால் போட்டால் சாப்பாட்டு வாசனையில் அடிபட்டுப் போகும். இடம் பத்தவில்லை என்றால் வாழ்த்துரையில் மூன்று பெயரைக் குறையுங்கள். அதற்கு மனம் வரவில்லையா, தலைப்பைப் ‘பொதுக்கூட்டம்’ என்று மாற்றிவிடுங்கள். அச்சுக்கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.