பெட்டியை விரிக்க! தமிழைச் சுருக்கற்க!

தமிழைப் புறந்தள்ளுவதற்குக் காலந்தோறும் ஒரு சாக்கு கிடைத்து வந்துள்ளது. தட்டச்சுப்பொறி வந்தபோது தமிழில் எழுத்து மிகுதி என்றனர். கணிப்பொறி வந்தபோது தமிழுக்குக் குறியீடு இல்லை என்றனர். தட்டச்சிலும் தமிழ் ஏறிற்று. கணிப்பொறியிலும் ஒருங்குகுறியாய் அமர்ந்தது. சாக்குச் சொன்னவர்கள் மட்டும் ஓயவில்லை. அலுவலகங்களில் வேலைநடப்பைப் படமாக வரையும் மென்பொருள்கள் பரவிவிட்ட இந்நாளில் அவர்கள் மூன்று புதுச் சாக்குகளைத் தூக்கி வந்துள்ளனர். தமிழ்ச்சொல் பெட்டிக்குள் அடங்காதாம். மென்பொருளின் பெயர்கள் அனைத்தும் ஆங்கிலமாம். பன்னாட்டுச் சீர்தரம் தமிழுக்கு இடந்தராதாம். மூன்றும் பொய்!

வேலைநடப்புப் படம் என்பது யாது? முறையீடு ஒன்று வருகிறது, ஆராயப்படுகிறது, ஏற்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பெட்டி ஓர் அம்புக்கோடு. இத்தகு படங்களை வரையப் பெரிதும் வழங்குவது விசியோ என்னும் மென்பொருள். 1990-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய நிறுவனம் ஒன்று 1992-இல் அதனை வெளியிட்டது. 2000-இல் மைக்ரோசாப்ட்டு அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. வாங்குவோர் தம் விருப்பப்படி மாற்றியமைத்துக் கொள்வதற்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள் அது. அம்மாற்றத்தைத் தமிழர் செய்துகொள்ளாமையே ஈண்டுப் பழிக்கத்தக்கது.

முதற்பொய்யைப் பார்ப்போம் என்பார்க்கு விடை அம்மென்பொருளிலேயே உள்ளது. விசியோவில் ஒவ்வொரு வடிவத்தின் பின்னும் ஒரு கட்டத்தாள் மறைந்து நிற்கிறது. சேப்சீட்டு என்று ஆக்கியோர் பெயரிட்ட அதனை வடிவத்தாள் எனலாம். வடிவத்தின் அகலம், உயரம், இருப்பிடம், சாய்வு ஆகிய யாவும் அங்குத் தனித்தனிக் கட்டங்களில் உள்ளன. கட்டத்தில் எண்ணையும் இடலாம், வாய்பாட்டையும் இடலாம். வடிவத்துள் எழுதிய சொற்களின் அகலத்தை அளந்து சொல்லும் செயற்கூறு ஒன்றும் உண்டு. எழுத்தின் அகலம், 30 மில்லிமீட்டர் என்னும் இரண்டனுள் பெரியது எதுவோ அதுவே பெட்டியின் அகலம் என்று ஒருமுறை வாய்பாடு இட்டுவிட்டால் போதும். 'ஏற்பு' என்று எழுதினால் பெட்டி சிறுத்து நிற்கும். 'நிலவரி நிலுவையைக் கணக்கிடுதல்' என்று எழுதினால் தானே விரிந்து கொடுக்கும். எவரேனும் சுட்டியால் இழுத்து அவ்வாய்பாட்டை அழித்துவிடாதபடி காக்கும் செயற்கூறும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் அளவுக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டுத் தமிழ் பருத்துவிட்டது என்று கூறுவது எவ்வளவு பேதைமை!

இவ்வாறு அமைத்த பெட்டியை வார்ப்பாக வடிவத்தொகுப்பில் சேர்த்துவிட்டால், அதிலிருந்து இழுத்து இடும் ஒவ்வொரு பெட்டியும் அதே இயல்போடு பிறக்கும். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. வார்ப்பை ஒரு படத்தில் இட்டவுடனே அதன் படி ஒன்று அப்படத்தின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. பின்னர்ப் பொதுத் தொகுப்பைத் திருத்தினாலும் முன்னர் வரைந்த படங்கள் தாமே திருந்தா. ஆகவே தமிழாக்கும் பணி முதற்படம் வரையுமுன்னரே நடைபெறல் வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பாராமலே விடுவதற்கு மறுபெயர்.

இரண்டாம் பொய் இன்னும் எளிதில் உடைவது. வார்ப்புக்கு இரு பெயர்கள் வைக்க விசியோ இடந்தருகிறது. நிரல்கள் தேடிப்பிடிக்கும் பொதுப்பெயர் ஒன்று. வரைவோர் கண்ணுக்குத் தோன்றும் வட்டாரப்பெயர் மற்றொன்று. வடிவத்தோடு சேர்த்து வைக்கும் தரவுகளுக்கும் அவ்வாறே உட்பெயர் வேறு, வெளித்தலைப்பு வேறு. பொறுப்பாளர், முடிக்கவேண்டிய நாள், செலவு என்று அத்தலைப்புகளைத் தமிழில் இடுவதற்கு எத்தடையும் இல்லை. வடிவத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்துங்கால் எழும் கட்டளைப் பட்டியலிலும் புதுக்கட்டளை சேர்த்துத் தமிழ்ப்பெயர் சூட்டலாம். வாய்பாட்டுச் செயற்கூறுகளின் பெயர்கள் ஆங்கிலமே என்பது உண்மைதான். அவை பொறியின் வயிற்றுள் கிடப்பவை. ஆக்கும் ஒருவர் காண்பவை. அன்றாடம் வரையும் நூற்றுவர் காண்பனவோ பெயரும் தலைப்பும் கட்டளையுமே. இவ்விடங்களை ஆக்கியோரே திறந்து வைத்துள்ளனர். திறந்த கதவின் முன் நின்றுகொண்டு பூட்டியிருக்கிறது என்று அழுவதா?

மூன்றாவது, சீர்தரம் என்னும் பூச்சாண்டி. பாய்வுப்படக் குறிகளுக்கான பன்னாட்டுச் சீர்தரம் 1985-இல் வெளியான 5807-ஆம் எண்ணுடையது. செவ்வகம் என்றால் செயல், முனையில் நிற்கும் நாற்கரம் என்றால் முடிவெடுத்தல் என்று அது வடிவங்களுக்குப் பொருள் வரையறுக்கிறது. 2011-இல் இரண்டாம் பதிப்புக் கண்ட வணிக நடப்புக் குறிமுறையும் அத்தகையதே. வடிவத்துள் எழுதும் சொல் ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டும் என்று இவற்றுள் எதுவும் கட்டளையிடவில்லை. குறி உலகுக்குப் பொது. சொல் அவரவர்க்கு உரியது. செருமானியரும் சப்பானியரும் தத்தம் மொழியிலேயே வரைகின்றனர். சீர்தரம் கெட்டுவிட்டதென்று எவரும் குறைகூறவில்லை.

தமிழாக்க முனைவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. விசியோவினுள் விசுவல் பேசிக்கில் நிரல் எழுதிப் புதுச் செயல்கள் சேர்க்கலாம். ஆனால் உலாவி வழித் திறக்கும் விசியோவில் அந்நிரல்கள் ஓடா. மேலும், 2022 முதல் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் உள்நிரல்களை அந்நிறுவனம் தடுத்து வருகிறது. தீநிரல்களுக்கு அஞ்சி எடுத்த அம்முடிவு தக்கதே. ஆயினும் தமிழ் முழுவதையும் நிரலுக்குள் பொதிந்து வைத்தவர் ஒருநாள் வெறுங்கையராய் நிற்க நேரும். தமிழ் வடிவத்திலேயே அமைதல் வேண்டும். 2013-ஆம் பதிப்பு முதல் விசியோக் கோப்பு என்பது எக்சு.எம்.எல். கோப்புகளின் பொதியே, அதில் தமிழ் எழுத்துச் சிதையாது. விலையின்றிக் கிடைக்கும் லிபர்ஆபீசு 2012 முதலே விசியோக் கோப்புகளைத் திறந்து காட்டுகிறது. டியா என்னும் கட்டற்ற மென்பொருளோ ஒருபடி மேலும் சென்று, ஒவ்வொரு வடிவத்துக்கும் மொழிதோறும் ஒரு விளக்கத்தை ஒரே கோப்பில் வரிவரியாக எழுத இடந்தருகிறது. அவ்வரிகளுள் தமிழ்வரி ஒன்றைச் சேர்க்க எழுதத் தெரிந்த கை ஒன்றே போதும். எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டா.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. ஒருங்குகுறியைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. சட்டமும் குறியீடும் இருக்க, அலுவலகச் சுவரில் தொங்கும் படம் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பானேன்? படம் ஆங்கிலத்தில் இருந்தால் வேலையும் ஆங்கிலத்திலேயே எண்ணப்படும். முறையீட்டோடு வந்து நிற்கும் எளிய தமிழனுக்குத் தன் தாள் எந்தப் பெட்டியில் தேங்கிக் கிடக்கிறது என்பதே விளங்காது. இழப்பு மொழிக்கு மட்டுமன்று, அவனுக்குந்தான்.

செய்யவேண்டுவது சிறிதே. தொடக்கம், செயல், தெரிவு, தரவு, ஆவணம், துணைச்செயல், கிடங்கு, இணைப்பு, முடிவு என்னும் ஒன்பது வார்ப்புகள்; தானே விரியும் பெட்டிகள்; தமிழ்த் தலைப்புகள். கணிப்பொறி கற்ற தமிழிளைஞர் இருவர் சில நாள்களில் ஆக்கி முடிக்கலாம். ஆக்கியதைப் பூட்டி வையாமல் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விலையின்றி வழங்குதல் வேண்டும். பெட்டி விரியக் காத்திருக்கிறது. சுருங்கிக் கிடப்பது தமிழன் உள்ளமே, விரியவேண்டுவதும் அதுவே!