மூடுவதற்கும் ஒரு முறை உண்டு



புதிய ஆலை, புதிய கிளை, புதிய ஏற்றுமதி என்று மாதந்தோறும் வளர்ச்சியைப் பற்றியே எழுதி வருகிறோம். இந்த மாதம் இந்தப் பக்கம், கம்பெனியை நடத்தவும் முடியாமல் மூடவும் மனம் வராமல் தூக்கம் தொலைத்திருக்கும் டைரக்டர்களுக்கானது. திருப்பூரில் ஆர்டர் நின்றுபோன பின்னலாடை கம்பெனியாக இருக்கலாம், கோவையில் பாக்கி வசூலாகாத ஃபவுண்டரியாக இருக்கலாம், சென்னையில் முதலீடு கரைந்துபோன ஸ்டார்ட்அப்பாக இருக்கலாம். அவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முடிவெடுக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் தள்ளிப்போடுகிறோம் என்பது தெரிந்ததே. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாராம்" என்று ஊர் பேசும். சொந்தக்காரர் கல்யாணத்தில் தலைகாட்ட முடியாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும். இந்தப் பயத்தில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அந்த ஒரு வருடத்தில்தான் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, மீட்டர் வட்டிக்காரர் உள்ளே நுழைகிறார். கம்பெனியோடு முடிந்திருக்க வேண்டிய நஷ்டம் குடும்பத்தின் நஷ்டமாகிறது.

'பிரைவேட் லிமிடெட்' என்று பெயர்ப் பலகையில் எழுதுகிறோமே, அதன் பயன் இங்கேதான் இருக்கிறது. லண்டனில் ஆரன் சாலமன் என்ற காலணி வியாபாரி தன் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். விரைவிலேயே அது நொடித்துப் போனது. கம்பெனியின் கடனை அவரே அடைக்க வேண்டும் என்று கலைப்பாளர் வழக்காடினார். கம்பெனி வேறு, அதை நடத்தியவர் வேறு என்று 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்று இந்தியாவிலும் கம்பெனிச் சட்டத்தின் அடித்தளம் அதுதான். கம்பெனியின் கடனுக்குக் கம்பெனியின் சொத்துதான் பொறுப்பு.

ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் நாமே நம் கையெழுத்தால் உடைத்துக்கொள்கிறோம். முதலாவது, வங்கிக்குக் கொடுக்கும் தனிப்பட்ட ஜாமீன். கம்பெனியின் நொடிப்பு வழக்கு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டதாலேயே ஜாமீன் போட்டவர் தப்பிவிட முடியாது. அவர் மீதும் திவால் நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் விதிகள் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று உறுதி செய்துவிட்டது.

இரண்டாவது, செக். நொடிப்பு நடவடிக்கை தொடங்கியதும் கம்பெனி மீதான செக் மோசடி வழக்கு நிற்கும். கையெழுத்துப் போட்ட டைரக்டர் மீதான வழக்கு நிற்காது. இதுவும் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். கணக்கில் பணம் வராது என்று தெரிந்தே தேதி போட்டுச் செக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள்.

மூன்றாவது, பி.எஃப். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த தொகையைக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்புவது குற்ற வழக்கு வரை போகும். அந்தப் பணம் ஒருநாளும் நம்முடையதல்ல.

நான்காவது, மீள வழியில்லை என்று தெரிந்த பிறகும் புதிதாகக் கடன் வாங்கிக்கொண்டே போவது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் 66ஆம் பிரிவை ஒவ்வொரு டைரக்டரும் படித்திருக்க வேண்டும். நொடிப்பு நடவடிக்கையைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்தும், கடன் கொடுத்தவர்களின் நஷ்டத்தைக் குறைக்க உரிய அக்கறை எடுக்காத டைரக்டரைச் சொந்தப் பணம் கட்டச் சொல்ல அது தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. மச்சானிடம் வாங்கியதை மட்டும் முதலில் அடைத்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நெருங்கியவர்களுக்கு அப்படிச் சலுகை காட்டியதை இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்து ரத்து செய்ய முடியும். மற்றவர்களுக்குக் காட்டியதென்றால் ஓராண்டு.

சரி, என்ன வழி இருக்கிறது? கம்பெனியின் நிலையைப் பொறுத்து வழி மாறும்.

தொழிலில் இன்னும் உயிர் இருக்கிறது என்றால் முதலில் வங்கியிடம் போங்கள். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே போங்கள். 25 கோடி ரூபாய் வரை கடன் வாங்கிய சிறு, குறுந்தொழில்களை மீட்க 2016இல் ரிசர்வ் வங்கி ஒரு நடைமுறையை வகுத்தது. நஷ்டம் வரும் என்று தெரிந்தால் நீங்களே எழுதிக் கேட்கலாம். நல்ல நிலையில் இருக்கும்போது கேட்பவருக்கு வங்கி காது கொடுக்கும். சொத்தை ஏலம் விட நோட்டீஸ் வந்தபின் பேரம் பேச இடம் குறைவு.

கடனை மறுசீரமைத்தால் பிழைக்கும் என்ற நிலையில் உள்ள சிறுதொழில்களுக்கு 2021 ஏப்ரலில் இன்னொரு கதவு திறந்தது. கடன் கொடுத்தவர்களோடு முன்கூட்டியே பேசி ஒரு திட்டத்தை முடிவு செய்துகொண்டு தீர்ப்பாயத்துக்குப் போகும் முறை அது. நிர்வாகம் டைரக்டர்கள் கையிலேயே இருக்கும். இந்த வசதி நம் தொழில்முனைவோர் பலருக்கு இன்னும் தெரியவே தெரியாது.

தொழிலைத் தொடர விருப்பமில்லை, ஆனால் சொத்தை விற்றால் எல்லாக் கடனும் அடையும் என்றால், மேலே சொன்ன நொடிப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் தாமாக முன்வந்து கலைக்கலாம். டைரக்டர்களில் பெரும்பான்மையோர், கடனை முழுதாக அடைக்க முடியும், யாரையும் ஏமாற்ற இதைச் செய்யவில்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கும் சொத்து மதிப்பீடும் கூடவே வேண்டும். பொய்க் கணக்கோடு இந்த வழிக்கு வரக்கூடாது.

கொடுக்க வேண்டியது எதுவும் இல்லாமல் பெயருக்கு மட்டும் இருக்கும் கம்பெனி என்றால், பதிவாளர் ஏட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம். கட்டணம் 10,000 ரூபாய்தான். அதைச் செய்யாமல் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டு, தானாக அடங்கிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் 2017இல் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழந்தார்கள். வேறு நல்ல கம்பெனிகளில் இருந்த பதவிகளும் அவர்களுக்குச் சிக்கலாகின.

சொத்தைவிடக் கடன் அதிகம் என்றால், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு நொடிப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி கம்பெனியே தீர்ப்பாயத்தை அணுகலாம். மீட்க வழி கிடைக்காவிட்டால் கலைப்புதான். அப்போது பணம் யாருக்கு முதலில் என்பதைச் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளை அந்தச் சொத்தில் சேர்க்கவே முடியாது. கலைப்புச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கி, அடமான உரிமையை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனோடு சமமாக முன்வரிசையில் நிற்கிறது. உங்களை நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த சப்ளையர் ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறார். நாளுக்கு நாள் சொத்து கரையும்போது முதலில் வெறுங்கையோடு போவது அவர்தான். தாமதம் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த வாரமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எதற்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கிறோம் என்று ஒரே தாளில் எழுதுங்கள். போர்டு கூட்டம் போட்டு நிலைமையை விவாதித்து, எடுத்த முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் பதியுங்கள். அக்கறையோடு நடந்துகொண்டீர்கள் என்பதற்குப் பின்னாளில் அதுவே சாட்சி. புதிதாக அட்வான்ஸ் வாங்காதீர்கள். ஆடிட்டரிடம் பேசுங்கள். பிறகு, நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தில் பதிவு பெற்ற ஒரு நிபுணரிடம் ஆலோசனை கேளுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன; உங்கள் கம்பெனிக்கு எது பொருந்தும் என்று அவர்தான் சொல்ல முடியும். "நாலு பேரை டைரக்டராகப் போட்டுவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள்" என்று சொல்லும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ராஜினாமா செய்தாலும், பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு டைரக்டர் பொறுப்பாளிதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் சொல்லுங்கள். மனைவியோ கணவரோ கடைசியாகத் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம். தனியாகச் சுமக்கும்போது மனம் தப்பான முடிவுகளின் பக்கம் போகும். அப்படித் தோன்றினால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் கிடையாது. கம்பெனி போனால் இன்னொன்று தொடங்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் ஒருவர்தான்.

மற்ற வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கணக்கைத் திறந்து காட்டி, தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, முறைப்படி கம்பெனியை மூடியவர் மீண்டும் தொழில் தொடங்கச் சட்டம் தடை சொல்வதில்லை. அப்படி ஒருவர் உங்களிடம் சரக்குக் கேட்டு வந்தால், வேலை கேட்டு வந்தால், நீங்களும் தடை சொல்லாதீர்கள். நேர்மையாக மூடியவரை மதிக்கும் ஊரில்தான் துணிந்து தொடங்குபவர்களும் இருப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்