கோபாலுக்கு ஏன் எப்போதும் பசி?

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுப் பல காலமாகிவிட்டது. லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. வேறொரு வேலையாகப் போயிருந்த நாம், பூட்டாத வீடு ஒன்றில் தேநீருக்கு உட்கார்ந்தோம். பதின்மூன்று வயதுப் பையன், சிரம்பானில் பழையதாக வாங்கிய பிளேஸ்டேஷனில் மும்முரமாகச் சுட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அவன் பாட்டி, திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருய்யா அவனுங்க? நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கானுங்க?" பையன் திரும்பாமலே சொன்னான்: "அவங்க எனிமி பாட்டி. சுட்டாதான் உள்ள போக முடியும்."

அவன் ஆடிக்கொண்டிருந்தது 2017-இல் சோனி வெளியிட்ட 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி'. களம், மேற்குத் தொடர்ச்சி மலை. தேடும் பொருள், ஹொய்சாளர் காலத்துப் பிள்ளையார் தந்தம். நாயகி குளோயி தந்தை வழியில் இந்தியர்; அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஆஸ்திரேலிய நடிகை. கோயில் சிற்பங்களைப் பார்த்தால் யாரும் வாய்பிளப்பார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அவ்வளவு உழைப்பு. அந்த மண்ணின் மனிதர்கள் என்று பார்த்தால், தொடக்கத்தில் சந்தையில் வரும் ஒரு சிறுமியையும் வில்லன் ஆசாவையும் விட்டால், பெரும்பாலும் துப்பாக்கியோடு வந்து விழுகிறவர்கள்தாம்.

இது புதிதல்ல. 1984-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் இந்திய அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறினார்கள். இந்திய அரசு முகம் சுளித்ததால் படப்பிடிப்பை இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே அட்டாரி நிறுவனம் அதைக் காசு போட்டு ஆடும் விளையாட்டாக்கியது. சாட்டை வெள்ளைக்காரர் கையில். அடி வாங்குகிறவன் இந்தியன். சினிமாவில் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். விளையாட்டில் அப்படி இருக்க முடியாது. அடிக்கிற பொத்தான் ஆடுகிறவன் விரலுக்கடியில் இருக்கிறது. ஆடுகிறவன் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் அவன் நிற்க வேண்டிய இடம் சாட்டையின் பக்கம்தான்.

வெளியூர்க்காரன் தெரியாமல் செய்கிறான் என்று விட்டுவிடலாமா? உள்ளூர்ச் சரக்கைப் பார்ப்போம். 2011-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'போபோய்போய்' நம் நாட்டுத் தயாரிப்பு. உலகம் சுற்றிய வெற்றி, பெருமைப்பட வேண்டியதுதான். கைப்பேசி விளையாட்டாகவும் வந்தது. வீரர் குழுவில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, இந்தியனாகக் கோபாலும் உண்டு. பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன். அவனுக்குக் கிடைத்த சக்தியைக்கூடப் பொருளைத் தின்பண்டமாக்கத்தான் பயன்படுத்துகிறான்! கோபால் சில இடங்களில் துணிந்து நிற்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு அவனை மிகவும் பிடிக்கும் என்பதும் தெரியும். நம் கேள்வி சின்னது. குழுவில் ஒரே ஓர் இந்தியன் இருக்கும்போது, பசியும் பயமும் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் அவன் தலையில் வந்து விழுந்தன?

கோமாளி இல்லையென்றால் குண்டர் கும்பல்காரன். இதற்கு மலாய்த் தயாரிப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016-இல் குண்டர் தலைவன் கதையான 'கபாலி' படம் வந்தபோது விசிலடித்தவர்கள் நாம்தான். தோட்டத்து வரலாற்றை அந்தப் படம் தொட்டது, அதற்கு நன்றி. ஆனால் தோட்டத்தில் பிறந்தவன் தலைநிமிர வேண்டுமானால் கோட்டும் துப்பாக்கியும் வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் மாறவில்லை.

இந்த மாநிலத்துக்கு இத்தகைய சண்டை பழக்கமானது. 1971-இல் வெளிவந்த அப்துல்லா ஹுசைனின் 'இன்டர்லோக்' நாவலை 2011-இல் ஐந்தாம் படிவ மலாய்மொழிப் பாடத்துக்கு வைத்தார்கள். அதைப் படிக்க வேண்டிய மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. மணியம் என்ற பாத்திரத்தின் வழியாக, இங்கே பிழைக்க வந்த இந்தியர்களுக்கு நாவல் ஒட்டிய சாதி முத்திரையே சிக்கலின் வேர். செனவாங்கில் ஒரு பள்ளியில் இந்த விவகாரத்தில் சிக்கிய மாணவர்கள் 'இன்டர்லோக் 7' என்றே பேர் வாங்கினார்கள். ஆண்டு முழுக்க இழுபறி. டிசம்பரில்தான் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அந்த வெற்றியில் ஒரு கசப்பும் உண்டு. மேடைகளில் முழங்கிய சிலரின் கோபத்துக்கு அடியில் இருந்தது, "எங்களைப் போய் அந்தச் சாதி என்று சொல்வதா?" என்ற ஆத்திரம். லிங்கி முதல் பகாவ் வரை காட்டை அழித்துக் கன்று நட்டவர்களில் கணிசமானவர்கள் சேரியிலிருந்து கப்பலேறியவர்கள்தாம். பழைய தோட்டங்கள் சிலவற்றில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. அந்த வரிசையில் கடைசி லயத்துப் பேரன் இந்த முழக்கத்தைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? ஒரு சமூகத்தின் பெயரை ஏச்சாக்கியது தவறு என்பதுதான் எதிர்ப்பின் அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் அவர்கள் இல்லை என்பதல்ல. விளையாட்டுத் துறையோடு மோதப் போகும் முன் இந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, தடை. 2017 செப்டம்பரில், இயேசு, புத்தர் முதலியோரைக் சண்டைக்கு இறக்கிய 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற தைவான் விளையாட்டுக்கு எதிராக நம் அரசு பாய்ந்தது. 24 மணி நேரக் கெடு. பிறகு அதை விற்ற ஸ்டீம் தளத்துக்கே பூட்டு. அந்த ஒரு விளையாட்டை இங்கே கிடைக்காமல் செய்த பிறகே தளம் திறந்தது. தெய்வத்துக்கு ஒரு நாள், தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு! ஆனாலும் அதே கோடாரியை நமக்கும் தூக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. தடை செய்த விளையாட்டு திருட்டுப் பிரதியாக மறுநாளே கைப்பேசிக்கு வந்துவிடும். அதை உருவாக்கியவனோ எதையும் கற்றிருக்க மாட்டான்.

சீக்கியர்கள் வேறு வழி காட்டினார்கள். 2002-இல் 'ஹிட்மேன் 2' விளையாட்டில் குருத்வாராவுக்குள் சீக்கியர்களைக் கொல்லும் கட்டம் இருந்தது. அவர்கள் திரண்டு கேட்டார்கள். வெளியிட்ட ஐடோஸ் நிறுவனம் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

நாம் கேட்பது அதைவிட ஒரு படி முந்தியது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் விளையாட்டுத் துறையை வளர்க்கிறது, ஆண்டுதோறும் 'லெவல் அப் கேஎல்' மாநாடு நடத்துகிறது. நல்லது. பொதுப்பணத்தில் உதவி பெறும் விளையாட்டில் இந்தியரோ ஓராங் அஸ்லியோ சபா, சரவாக் மக்களோ வந்தால், அந்தச் சமூகத்தவரைச் சம்பளம் கொடுத்து எழுத்திலும் வரைபடத்திலும் உட்கார வைக்க வேண்டும். வெளியீட்டுக்கு முதல் நாள் யாரையோ கூப்பிட்டுத் தலையாட்டச் சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். உள்ளூரில் திறமைக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் 2020-இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்ற அதிரடிச் சாகச விளையாட்டையே உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தொடக்கப்பள்ளி யூபிஎஸ்ஆர் தேர்வு ஒழிந்தே போய்விட்டது. இன்னும் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கும் பரிசுக்கோப்பையுமாகவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தோட்டத்திலிருந்து வந்த நான்கு பிள்ளைகளை விளையாட்டு வடிவமைப்புப் படிக்க அனுப்புங்கள். டொரொண்டோவில் ஒரு சிறு குழு 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டைச் செய்தது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலறை, அவ்வளவுதான் களம். இட்லித் தட்டுகளின் துளைகள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். மறு ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. ஆவி எந்தத் துளை வழியாக ஏறும் என்று தெரிந்தவர்கள் செய்த விளையாட்டு அது.

அன்று கிளம்பும் முன் பையனிடம் கேட்டோம், நீ ஒரு விளையாட்டு செய்தால் அதில் யார் வருவார்? கொஞ்சம் யோசித்துப் பாட்டியைக் காட்டினான். விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கோடு, மரத்துக்கு மரம் போக வேண்டும், புலி வரும். சொல்லிக்கொண்டே எழுந்து, உளியை ஓங்கி மரத்தில் குத்துவதுபோல் நடித்துக் காட்டினான். பாட்டி எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். "குத்தக் கூடாதுடா. இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சு, பட்டையை மட்டும் சீவணும். ஆழமாப் போச்சுன்னா மரம் காயமாயிடும், கங்காணி கூலியைப் பிடிச்சுக்குவான்."

"அப்போ கங்காணியும் வரணும் பாட்டி," என்றான் அவன்.